பழைய கார்களின் ஆயில் சீலும் டைமிங் செயினும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய கார்களைப் பற்றி வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் எண்ணெய்க் கசிவைப் பற்றியே இருக்கின்றன. அவற்றுள் எஞ்சினின் முன்பகுதியையும் பின்பகுதியையும் சார்ந்த ஐந்து கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல்; வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடும் தண்டைச் சுழற்றுவது டைமிங் செயின்.

என்னிடம் இருப்பது 1976ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல் வண்டி. என் தந்தையார் வாங்கியது. எஞ்சினின் முன்னால் சுழலும் கிராங்க் புல்லிக்குப் பின்னாலிருந்து எண்ணெய் கசிந்து, ஃபேன் காற்றில் சிதறி எஞ்சின் முழுவதும் படிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தமும் வருகிறது. எஞ்சினை இறக்கி முழு ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். சீலையும் டைமிங் செயினையும் மட்டும் மாற்ற முடியாதா? — வாசகர், காரைக்குடி

முடியும். எஞ்சினை இறக்கவும் தேவையில்லை. ரேடியேட்டரைக் கழற்றிவிட்டால் வேலை செய்யப் போதுமான இடம் கிடைத்துவிடும். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். ஓவர்ஹால் உண்மையிலேயே தேவையா என்பதை அவையே சொல்லிவிடும்.

முதல் சோதனை சத்தத்தைப் பற்றியது. உங்கள் வண்டியில் இருப்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு இங்கே வந்த பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ் வகை 1489 சி.சி. எஞ்சின். வால்வுகளைத் திறந்து மூடும் அதன் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் பிளாக்கிலேயே இருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டிலிருந்து ஒரு குட்டைச் செயின் அதைச் சுழற்றுகிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் அந்தக் கேம் ஷாஃப்டிலிருந்தே சுழற்சியைப் பெறுகிறது. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே சுழலும் ரோட்டாரைப் பார்த்தபடியே, கிராங்க் ஷாஃப்டைக் கையால் ஒரு பக்கமாகச் சற்றுத் திருப்பி, பிறகு மறுபக்கம் மெதுவாகத் திருப்புங்கள். திசை மாறியவுடனே ரோட்டாரும் அசைந்தால் செயினில் தளர்ச்சி இல்லை. புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்த பிறகும் ரோட்டார் அப்படியே நின்றுகொண்டிருந்தால் செயின் நீண்டிருக்கிறது என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் பல்சக்கரத்தின் தேய்மானமும் இதில் சிறிது கலந்திருக்கும் என்றாலும், காலை நேரத்துக் கரகரப்போடு சேர்த்துப் பார்க்கும்போது செயினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை கசிவைப் பற்றியது. பெரும்பாலான பட்டறைகளில் விட்டுப்போவதும் இதுதான். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை மெல்லியதாக எழுந்தால் கவலையில்லை. விட்டுவிட்டுக் குபுகுபுவென்று வேகமாக வெளியேறினால், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்கி, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் எண்ணெய் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சிலிண்டர்களின் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளந்து பார்த்துவிட்டு மெக்கானிக் சொல்வதைக் கேட்பதுதான் முறை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் கிராங்க் கேஸின் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். நாற்பது ஐம்பது ஆண்டு ஓடிய வண்டிகளில் அந்தக் குழாய்கள் கரி பிடித்து, விரல் நுழைய வேண்டிய இடத்தில் குச்சிகூட நுழையாத அளவுக்கு அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சுத்தம் செய்ததுமே கசிவு பாதியாகக் குறைந்த வண்டிகளும் உண்டு.

இரண்டு சோதனைகளும் சாதகமாக இருந்தால் முன்பக்கத்தை மட்டும் பிரிக்கலாம். கிராங்க் புல்லியைப் பிடித்திருப்பது ஸ்டார்ட்டிங் ஹேண்டில் மாட்டும் கொம்புகளைக் கொண்ட பெரிய நட்டு. அதன் பூட்டு வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்திவிட்டு, வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவரை பிரேக்கை அழுத்திக்கொள்ளச் செய்து, நீளமான கைப்பிடியுள்ள சாக்கெட்டால் அதைத் தளர்த்த வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றவிட்டு நட்டைத் தளர்த்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஸ்பேனர் நழுவினால் கை எலும்பு முறியும் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

புல்லி கையில் வந்தவுடன் அதன் நடுக்குழாயை, அதாவது சீலின் உதடு உரசும் வழவழப்பான பகுதியை, துடைத்துவிட்டு நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் ஒரு வரியில் சிக்கி நிற்குமானால், பல ஆண்டுகளாக ரப்பர் உதடு ஒரே இடத்தில் உரசி இரும்பிலேயே பள்ளம் வெட்டியிருக்கிறது. இரும்பை ரப்பர் எப்படி அறுக்கும் என்று கேட்பார்கள். உதட்டின் அடியில் சேரும் நுண்ணிய தூசியும் கரியும்தான் உப்புத்தாளைப் போல் வேலை செய்து அறுக்கின்றன. அந்தப் பள்ளத்தின் மீது புதிய சீலைப் போட்டால் ஒரு மாதம்கூட நிற்காது. லேத் பட்டறையில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றிக்கொள்ளலாம். பள்ளம் ஆழமில்லை என்றால், சீலை அதன் வீட்டுக்குள், அதாவது அது அமரும் குழிக்குள், ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இறக்கி, உதடு புதிய இடத்தில் படும்படி செய்யலாம். புதிய சீல் வாங்கியும் கசிகிறது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தைத்தான் காண்கிறேன்.

செயினை மூடியிருக்கும் முன்பக்கக் கவரைத் திறந்ததும் செயினைக் கழற்றி, பக்கவாட்டில் கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். புதிய செயின் ஏறக்குறைய நேராக நிற்கும். தேய்ந்த செயின் வில்லைப் போல் வளைந்து தொங்கும். பல்சக்கரங்களின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி வடிவம் பெற்றிருந்தால் அவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த பற்களின் மீது புதிய செயினை மாட்டுவது, செயினுக்குக் கொடுத்த பணத்தை அப்படியே தூக்கிப் போடுவதற்குச் சமம். செயினை எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர் இருந்தால் அதன் ரப்பர் முகத்தில் செயின் பதிந்த தடம் ஆழமாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மாற்றிவிடுங்கள். நம் ஊர் அம்பாசடர்களில் எஞ்சின் கை மாறி வந்திருக்கவும், முன்பு வேலை செய்தவர் வேறு பாகத்தைப் பொருத்தியிருக்கவும் வாய்ப்பு அதிகம். அதனால், திறந்து பார்த்த பிறகு, பழைய பாகங்களைக் கையோடு எடுத்துக்கொண்டே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ உங்கள் ஊர் உதிரிபாகக் கடைக்கோ செல்லுங்கள்.

இனி பொருத்தும் முறை. கிராங்க் ஷாஃப்டின் சாவி, அதாவது பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டு, நேர் மேலே இருக்கட்டும். கேம் ஷாஃப்டின் சாவி, முன்னால் நின்று பார்க்கும்போது, கடிகாரத்தில் ஏறக்குறைய ஒரு மணி இருக்கும் இடத்தில் நிற்கட்டும். இரண்டு பல்சக்கரங்களிலும் ஒவ்வொரு சிறு புள்ளிக்குழி இருக்கும். அவை ஒன்றையொன்று பார்த்தபடி, இரண்டு ஷாஃப்டுகளின் மையங்களையும் இணைக்கும் கோட்டிலேயே வரும்படி செயினுக்குள் பல்சக்கரங்களை வைத்து, மூன்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். கிராங்க் பல்சக்கரத்தின் பின்னால் இருக்கும் மெல்லிய பாக்கிங் வாஷர்களைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டு சக்கரங்களும் ஒரே தளத்தில் நிற்பதற்காகவே அவை இருக்கின்றன. நேர்விளிம்புள்ள ஓர் இரும்பு அளவுகோலை இரண்டின் மீதும் வைத்துச் சரிபார்க்கலாம்.

புள்ளிகள் சேர்ந்து நிற்கும்போது ஒன்றாவது பிஸ்டனும் நான்காவது பிஸ்டனும் ஒரே நேரத்தில் உச்சியில் இருக்கின்றன. அவற்றுள் எது வெடிக்கப் போகிறது என்பதைப் புள்ளிகளை வைத்து ஊகிக்காமல், வால்வுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான்காவது சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒன்று மூடி மற்றொன்று திறக்கும் அசைவில் இருந்தால், ஒன்றாவது சிலிண்டர் வெடிப்புக்குத் தயாராக இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியவர்களுக்கு இது மிகவும் முக்கியம். எரியூட்டும் வரிசை 1, 3, 4, 2.

அடுத்து, எண்ணெயைச் சீலிலிருந்து விலக்கி வீசும் ஆயில் த்ரோயர். புல்லிக்குப் பின்னால் வரும் அந்தத் தட்டில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தால், அந்தப் பக்கம் எஞ்சினுக்கு வெளிப்புறம் பார்க்க வேண்டும். சீலை வீட்டில் இறக்கும்போது அதன் சுருள்கம்பி உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். நேரடியாகச் சுத்தியலால் அடிக்காமல், அதன் விளிம்பு அளவே உள்ள மரத்துண்டையோ பெரிய சாக்கெட்டையோ வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். உதட்டில் கிரீஸ் தடவ மறந்துவிட்டால், எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் உலர்ந்த ரப்பர் கருகிவிடும்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழில் கற்ற காலத்தில், கவரின் போல்ட்டுகளை எல்லாம் நன்றாக முறுக்கிவிட்டுத்தான் புல்லியை ஏற்றினேன். வண்டி மூன்றே நாளில் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தபோது சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கியும், மறுபக்கம் ஷாஃப்டைத் தொடாமலும் இருந்தது. கவரின் துளைகள் போல்ட்டுகளைவிடச் சற்றுப் பெரியவை என்பதால் கவர் சிறிது நகரும். அது மையத்தில் நிற்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, கிரீஸ் தடவிய புல்லியை வலப்புறமாகச் சுழற்றியபடியே உள்ளே செலுத்துங்கள். புல்லியே கவரை மையத்துக்கு இழுத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் முறுக்க வேண்டும். 1/4 அங்குல போல்ட்டுகளுக்கு 6 அடி-பவுண்டு, 5/16 அங்குல போல்ட்டுகளுக்கு 14 அடி-பவுண்டு என்பதே இந்த எஞ்சின் குடும்பத்தின் அளவு. இவற்றை மீறி முறுக்கினால் தகட்டாலான கவர் துளைகளைச் சுற்றிக் குழிந்து, அந்தக் குழிவுகளுக்கு இடையே எண்ணெய் வழி கண்டுபிடிக்கும். பழைய கவரை மாட்டுவதற்கு முன், தட்டையான கண்ணாடியின் மீது வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் மரக்கட்டையின் மீது வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்துங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் தடை தட்டக் கூடாது. கவரைப் பூட்டுவதற்கு முன்பே இதைச் செய்தால், இரண்டு சுற்றின் முடிவில் புள்ளிகள் மீண்டும் ஒன்றையொன்று பார்ப்பதைக் கண்ணாலேயே காணலாம். செயின் மாற்றிய பின் இக்னிஷன் டைமிங்கை மறுபடியும் வைக்க வேண்டும். நீண்டுபோன பழைய செயினுக்கு ஈடுகட்டி யாரோ ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டரை முன்னால் திருப்பி வைத்திருப்பார். புதிய செயினில் அதே நிலை மிகையாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 வைத்திருக்கிறேன். கிளட்ச் வழுக்குகிறது, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. எஞ்சினின் பின் சீலை இரண்டு முறை மாற்றிவிட்டோம் என்கிறார்கள், ஆனாலும் நிற்கவில்லை. கொழும்பின் உதிரிபாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் நல்ல சீல் கிடைக்குமா? — வாசகர், நல்லூர்

ஐயா, பஞ்சிகாவத்தையில் தேட வேண்டாம். உங்கள் காரின் 948 சி.சி. ஏ சீரிஸ் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்டின் பின் முனையில் ரப்பர் சீல் என்ற ஒன்று வடிவமைப்பிலேயே இல்லை. அந்த இடத்தில் ஷாஃப்டின் மீது திருகு மரையைப் போன்ற ஒரு சுருள் பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது, பின்பக்கம் வர முயலும் எண்ணெயை அந்தச் சுருள் உள்நோக்கித் திருகித் திருப்பி அனுப்புகிறது. எதையும் தொடாமல், உரசாமல், தேயாமல் வேலை செய்யும் நேர்த்தியான ஏற்பாடு அது. ஆனால் சுழலும்போது மட்டுமே வேலை செய்யும். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்திவைத்தால் சில துளிகள் பின்னால் வடிவது இந்த வகை எஞ்சின்களின் இயல்பு. பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிளவு ஊசியும் இருக்கிறதல்லவா? அந்தத் துளிகள் உள்ளே தேங்கிக் கிளட்சை நனைக்காமல் வெளியேறவும், துளை சேற்றால் அடைபடாமல் இருக்கவும்தான் அந்த ஏற்பாடு. முதலில் அந்தத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சில துளி என்பது இயல்பு. கிளட்ச் வழுக்கும் அளவு எண்ணெய் என்பது இயல்பல்ல. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். பின் மெயின் பேரிங் தேய்ந்திருந்தால் சுருள் சமாளிக்க முடியாத அளவு எண்ணெய் அதனிடம் வந்து சேரும். ஷாஃப்டும் மையத்திலிருந்து சற்று விலகும். மேலே அம்பாசடர் வாசகருக்குச் சொன்ன கிராங்க் கேஸ் அழுத்தம் இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்த இங்கே ரப்பர் உதடே கிடையாது. எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் கேஸ்கெட்டோடு (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தகட்டோடு) சேர்த்து மெயின் பேரிங் மூடியின் அரைவட்டத்தில் வைக்கும் கார்க் பட்டைகள் சுருங்கிப்போயிருக்கலாம். ஆயில் பம்ப் இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்டின் பின் முனையில் அமைந்திருப்பதால், பின் தகட்டின் கேஸ்கெட் பழுதானாலும் எண்ணெய் இதே வழியாகத்தான் இறங்கும்.

இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நான் பார்ப்பது வேறு: காற்றும் புகையும் செல்லும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டுக்குக் கீழே, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டேப்பட் பக்க மூடிகள். கண்ணுக்கு எளிதில் தெரியாத இடம். அவற்றின் கார்க் கேஸ்கெட் காய்ந்து கசியும் எண்ணெய், ஓடும் காற்றில் பிளாக்கின் பக்கமாகப் பின்னோக்கி ஊர்ந்து, பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். பார்ப்பவர் பின் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். ஆகவே எஞ்சினை மண்ணெண்ணெயால் நன்றாகக் கழுவி உலரவிட்டு, பக்க மூடிகளைச் சுற்றியும், பிளாக்கின் பின்பகுதியிலும், பெல் ஹவுசிங்கின் இணைப்பிலும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வெண்மையான தூளின் மீது எண்ணெய் ஒரு கருங்கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் கசிவின் பிறப்பிடம். பக்க மூடிகளிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தால், புதிய கார்க் போட்டு, நடு போல்ட்டை அளவோடு முறுக்குங்கள். மிகையாக முறுக்கினால் தகடு குழிந்து விளிம்பு தூக்கிக்கொள்ளும்.

பெல் ஹவுசிங்கின் உள்ளேயிருந்துதான் வருகிறது என்றால் ஒரு துளியை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் எண்ணெயின் கந்தக வாடை தனியாகத் தெரியும்; அப்படியானால் குற்றம் கியர் பெட்டியினுடையது. எஞ்சின் எண்ணெய்தான் என்றால், எஞ்சினை இறக்கி மெயின் பேரிங்குகளை அளந்து பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்கள் ரப்பரை உப்பவைத்து வேலை செய்பவை. இரும்பில் வெட்டிய சுருளை அவை எதுவும் செய்ய முடியாது.

எஞ்சின் வெளியே வரும் அந்த நாளில் முன்பக்க டைமிங் செயினையும் மாற்றிவிடுங்கள். உங்கள் எஞ்சினில் அது ஒற்றை வரிசைச் செயின். கேம் பல்சக்கரத்தின் பற்களுக்கு இருபுறமும் மாட்டிய ரப்பர் வளையங்களே செயினின் அதிர்வை அடக்குபவை. அவை கல்லைப் போல் இறுகிப்போனால் சத்தம் வரும். இதே எஞ்சின் குடும்பம் பிரிட்டனின் மினி காரிலும் பல ஆண்டுகள் ஓடியதால், நல்ல தரமான செயினும் வளையங்களும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சம்ப்பைக் கழற்றியபோது, முன்பக்கத்திலிருந்து இரண்டு சிறிய மரத்துண்டுகள் விழுந்தன. யாரோ அவசரத்துக்கு ஆப்பு வைத்திருக்கிறார்கள் என்று மெக்கானிக் எறிந்துவிட்டார். இப்போது முன்பைவிட அதிகமாகக் கசிகிறது. என்ன செய்யலாம்? — வாசகி, மைலாப்பூர்

அம்மா, அந்த மரத்துண்டுகள் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டவை. 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டைப் பின்பற்றியது. அந்த எஞ்சினின் அடியில், முன் மெயின் பேரிங்குக்கு முன்னால், பிளாக்கின் இரு சுவர்களுக்கு நடுவே பாலத்தைப் போல ஒரு அலுமினியக் கட்டை திருகப்பட்டிருக்கும். சம்ப்பின் முன் விளிம்பு அந்தக் கட்டையில்தான் அமர்கிறது. கட்டையின் இரு முனைகளிலும் பிளாக்கோடு சேரும் இடத்தில் உள்ள இடைவெளியை அடைப்பதற்காகவே அந்த மரத்துண்டுகள். மரம் எண்ணெயை உறிஞ்சி உப்பி, இடைவெளியை இறுக நிரப்பிக்கொள்ளும். அன்றைய பொறியாளர்களின் எளிய, நல்ல சிந்தனை அது. உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவும் முடியாது. தெரியாதவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

புதிய துண்டுகள் இங்கே கிடைக்காவிட்டால் ஒரு நல்ல தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். இடைவெளியைவிட ஒரு நூலளவு பருமனாக இழைத்து, சிறிது சீலண்ட் தடவி, இறுக்கமாகத் தட்டி ஏற்றி, வெளியே நீட்டியிருக்கும் பகுதியைச் சம்ப் அமரும் தளத்துக்குச் சமமாகக் கூரான உளியால் சீவிவிட வேண்டும். கட்டையைப் பொருத்தும்போது அதன் முன்முகம் முன் தகட்டோடு ஒரே தளத்தில் நிற்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள்; அது ஒரு மயிரிழை பின்வாங்கினாலும் முன் தகட்டின் கேஸ்கெட் அந்த இடத்தில் அழுந்தாது.

இந்தக் கட்டையில் இன்னொரு பலவீனமும் உண்டு. அலுமினியம் மென்மையானது, பல கைகள் பல முறை சம்ப் திருகுகளை முறுக்கி மரையை உரித்திருக்கும். உரிந்த மரையில் நீண்ட போல்ட்டைப் போட்டுச் சமாளிக்காமல், கம்பிச் சுருள் மரை ஏற்றித் தரும் லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

சம்ப்பைத் திறந்ததோடு டைமிங் கவரையும் திறந்துவிடுவது நல்லது. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், சக்கரத்தின் மீதே உட்கார்ந்து வேலை செய்யும் வசதி இதில் உண்டு. இதில் செயினை அழுத்திப் பிடிப்பது கவரின் உட்புறத்தில் இருக்கும் ஒரு வளைந்த எஃகுப் பட்டை. செயின் உரசி அதில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். உடைந்தால் துண்டு செயினுக்குள் போகும். கேம் பல்சக்கரத்தை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். கழற்றுவதற்கு முன் பழைய குறிகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்து, தெரியாவிட்டால் நீங்களே பளிச்சென்று குறி வைத்து, கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே போல்ட்டைத் தொடுங்கள்.

கேஸ்கெட்டுக்குப் பதிலாக எல்லா இடத்திலும் சிலிக்கோன் பசையையே போடலாம் என்கிறார்களே? — வாசகர், ஈரோடு

கூடாது. கேஸ்கெட்டின் தடிமனையும் கணக்கில் எடுத்துக்கொண்டே அந்த எஞ்சின்களின் பாகங்கள் பொருந்துகின்றன. அதோடு, இரு தளங்களுக்கு நடுவிலிருந்து வெளியே பிதுங்கும் பசை நம் கண்ணுக்குத் தெரிவதைப் போலவே உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது நாளடைவில் புழுவைப் போல் கழன்று விழுந்து, ஆயில் பம்ப்பின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். கார்க் பட்டையும் காகித கேஸ்கெட்டும் சந்திக்கும் மூலைகளில் கடுகளவு வைப்பது சரி. அதற்கு மேல் வேண்டாம். இரு தளங்களையும் பழைய பிசின் துளியும் இல்லாமல் சுரண்டித் துடைப்பதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால், பசையின் தேவையே குறைந்துவிடும்.

1987ஆம் ஆண்டு மாருதி 800 எங்களிடம் இருக்கிறது. மிகக் குறைவாகவே ஓடியது. டைமிங் பெல்ட் தொழிற்சாலையில் போட்டது. பார்ப்பதற்கு விரிசல் எதுவும் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா? — வாசகர், மதுரை

இன்றே மாற்றுங்கள், மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள். அந்த 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் தலைப்பகுதியில் இருக்கிறது. அதைச் சுழற்றுவது செயின் அல்ல, நூலிழை பதித்த ரப்பர் பெல்ட். செயின் தேய்ந்தால் மாதக்கணக்கில் கரகரத்து நமக்குச் சொல்லும். பெல்ட் எந்தச் சத்தமும் இல்லாமல் ஓடும் சாலையிலேயே அறுந்துபோகும். ரப்பருக்கு வயது கிலோமீட்டரில் மட்டுமல்ல, ஆண்டிலும் ஏறுகிறது. மதுரையின் வெயிலில் மூடிய எஞ்சின் அறைக்குள் கிடந்த பெல்ட்டின் வெளித்தோற்றத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பெல்ட்டோடு டென்ஷனரையும், கேம் ஷாஃப்ட் சீலையும், கிராங்க் ஷாஃப்டின் முன் சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். சீல்களின் விலை அற்பம். அவற்றை எட்டுவதற்கான வேலைதான் பெரிது, அந்த வேலை பெல்ட்டுக்காக எப்படியும் நடக்கப்போகிறது. அந்தச் சீல்களில் ஒன்று பிறகு கசிந்தால் எண்ணெய் நேராகப் புதிய பெல்ட்டின் மீதுதான் விழும், எண்ணெய் ஊறிய பெல்ட் உப்பிப் பல் உதிரும். பழைய பெல்ட் கழன்றிருக்கும் நேரத்தில் கேம் ஷாஃப்டையோ கிராங்க் ஷாஃப்டையோ தனியாகச் சுற்றக் கூடாது. புதிய பெல்ட்டை மடித்தோ முறுக்கியோ பார்க்கவும் கூடாது. உள்ளிருக்கும் இழைகள் அப்போதே முறிந்துவிடும். வேலை முடிந்ததும், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பெல்ட் மூடியின் வெளிப்புறத்தில் ஒட்டிவையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியைத் திறப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.